என் வாழ்க்கையின் இரண்டாவது காப்பி

மனித நடமாட்டம் இல்லாத, சாலை வசதி இல்லாத இடங்களுக்குப் போய் அபூர்வமான காப்பிக்கொட்டை தேடிக்கொண்டு வரும் ஒரு தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. அதில் வரும் மனித நடமாட்டம் இல்லாத இடம் என்னுடைய வீடு. தாண்டிக்குடி மலையில், பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. தொடரை நடத்தும் தாடிக்காரர் ஓடையைத் தாண்டி, புதரை விலக்கி, மூச்சிரைக்க என் வாசலை வந்து அடைகிறார். அந்த நேரம் பார்த்து வந்த வத்தலக்குண்டு பஸ்ஸை, படத்தில் விழக்கூடாது என்று வளைவிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த என் நாத்தனார் இன்றுவரை அதைச் சொல்லி என்னைத் திட்டுகிறாள்.

என் பெயர் ராஜேஸ்வரி. பி.ஏ. வரலாறு. காப்பியும் மிளகும் கொஞ்சம் ஆரஞ்சும் போட்டிருக்கிறோம். எங்கள் கொட்டையை நானே வறுத்து அரைத்து, பாக்கெட் மேல் என் பெயரையும் படத்தையும் போட்டு விற்கிறேன். படப்பிடிப்புக்கு வந்தவர்கள் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். கைக்கடிகாரத்தை, செருப்பை, கடைசியில் காஸ் அடுப்பையும் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். விறகு அடுப்பு வேண்டுமாம். கோழிக்குத் தவிடு வேகவைக்கிற அடுப்பைத் தூசி தட்டிப் பற்றவைத்தேன். ஈர விறகு. புகை கண்ணைப் பிடுங்கியது.

தாடிக்காரர் என் கொட்டையைத் தானே அரைத்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் மருந்து கலக்குவதுபோல் சொட்டுச் சொட்டாக வடித்து, முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார். வீட்டுக்கு வந்த விருந்தாளி வாய் நனைக்காமல் வீட்டுக்காரி எப்படிக் குடிப்பது? எங்கள் பக்கம் அது வழக்கமே இல்லை. “நீங்க குடிங்க, நாங்க குடிக்க மாட்டோம்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகைக்குத்தான் துடைத்தேன். அவர் ஒரு வாய் குடித்த பிறகு நானும் குடித்தேன்.

முன்னோட்டம் வந்தபோது பார்த்தால், “நாங்க குடிக்க மாட்டோம்” மட்டும் இருக்கிறது. கண்ணீர் இருக்கிறது. கீழே இங்கிலீஷில், ஆயுள் முழுக்கக் காப்பி விளைவித்தும் இந்தப் பெண் அதை ருசித்ததே இல்லை, இன்றுதான் முதல்முறை என்று எழுத்து ஓடுகிறது. அடப்பாவிகளா! படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு டம்ளர் உள்ளே போகாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்பது என் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

ஊரில் கேலி செய்ததைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் தூளில் பாதிக்கு மேல் வாங்குவது திண்டுக்கல்லில் ஹோட்டல் வைத்திருக்கும் சுப்பையா அண்ணன். அவர் போன் செய்தார். “ஏம்மா, நீயே வாயில வச்சதில்லையாமே. ருசியே பாக்காமயா அரைச்சுக் கொடுத்துக்கிட்டிருந்த? கடைக்கு வர்றவன்லாம் கேக்குறான்மா. கொஞ்ச நாளைக்கு அனுப்பாத” என்றார். அவர் நிறுத்தினால் மற்ற கடைக்காரர்களும் நிறுத்துவார்கள். வறுக்கிற மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டுப் பழையபடி பச்சைக்கொட்டையை வியாபாரியிடம் கொட்டிவிட்டு வரவேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் பம்பாயிலிருந்து தொடர் எடுத்த கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். நான் பேசிய சத்தம் சரியாகப் பதிவாகவில்லையாம், வளைவில் நின்ற பஸ் டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நேரில் வந்து மறுபடி பேசிக் கொடுக்க வேண்டுமாம். அந்த டிரைவர் நன்றாக இருக்கட்டும். போய் அந்த வரியைத் தூக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று, ஒரு ஃபில்டரையும் என் தூளையும் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

முதல் நாள்

பம்பாய் மிகவும் தொலைவான, உள்ளடங்கிய பகுதி. எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர நேரடி பஸ் கிடையாது. மக்கள் ஒருவர் தலைமேல் ஒருவராக வீடு கட்டி வசிக்கிறார்கள். நட்பானவர்கள், ஆனால் நிற்க மாட்டார்கள். நடந்துகொண்டே பேசி, நடந்துகொண்டே தின்று, நடந்துகொண்டே சண்டை போடுகிறார்கள். காப்பி என்ற பானம் அவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. சின்னக் கண்ணாடி கிளாஸில் பாதிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள், அதையும் சூடு ஆறுவதற்குள் விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். என்னைப் பற்றி அவர்கள் எடுத்த மாதிரி அவர்களைப் பற்றி நானும் ஒரு படம் எடுக்கலாம் போலிருந்தது.

தங்கியது தாராவியில், ஜெபமணி வீட்டில். மதுரையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. நாங்குநேரிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்தவள், புருஷனும் அவளுமாகச் சட்டை தைக்கும் பட்டறை நடத்துகிறார்கள். கீழே பட்டறை, மேலே வீடு. ஏறுவதற்கு இருப்பது படிக்கட்டு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு இரும்பு ஏணி. நான் பையோடு பாதியில் நின்றுவிட்டேன்.

“ஏட்டி, மலைக்காரிதான நீ? இந்த ஏணிக்குப் போயி பயப்படுத? ஏறு, நான் பின்னால வாரேன். விழுந்தா எம் மேலதான் விழுவ” என்றாள் ஜெபமணி.

முன்னோட்டத்தை அவளிடம் காட்டினேன். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே போனைக் காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீ காப்பியே குடிச்சதில்லையா? ஆஸ்டல்ல எம் பங்கு காப்பியவும் எடுத்துக் குடிச்சவ நீதானட்டி!”

“சிரிக்காதடி. எனக்கு வியாபாரமே போயிரும் போலருக்கு.”

அவள் சிரிப்பு நின்றது. “இங்கயும் அப்படித்தான் ராஜி. எங்கள பாக்கதுக்குன்னே ஆளக் கூட்டிட்டு வாரானுவ. நாங்க என்னமோ காட்சிப் பொருள் மாதி. போன மாசம் ஒரு வெளிநாட்டுக்காரி வந்து எம் மிசினத் தொட்டுப் பாத்துட்டு அழுதா. கண்ணுல நூல்தூசி விழுந்துட்டுன்னு நான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அவ எங்க கஷ்டத்த நெனச்சு அழுதாளாம். மிசினு புதுசு, போன தீவாளிக்குத்தான் வாங்குனது.” நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, “சும்மா காலிபீலி டென்சன் ஆவாத. நாளைக்கிப் போயி நல்லா நாலு கேள்வி கேளு” என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு. அதன் பிறகு என் தூளில் டிகாக்ஷன் போட்டேன். என்னையும் சேர்த்து ஆறு பேர் இருந்த வீட்டில் ஐந்து பேர் தேநீர்க் கட்சி. மரியாதைக்கு ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, “நல்லாருக்கு” என்று சொல்லி டம்ளரைத் தள்ளி வைத்தார்கள். மீதியை எல்லாம் நானே குடித்தேன். அதைப் படம் எடுக்கத்தான் ஆளில்லை.

இரண்டாம் நாள்

ஒலிப்பதிவு செம்பூரில். தாராவிக்கு நேர் எதிர். மரமும் நிழலும், காலையில் நடைப்பயிற்சி போகிற பெரியவர்களும். பஸ்ஸில் ஜெபமணி ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் இந்தியில் என்னைப் பற்றி நீளமாக ஏதோ சொன்னாள். அவர் நிறுத்தம் வந்ததும் எழுந்து வந்து, பார்சல் இறக்குவதுபோல் என்னைப் பத்திரமாக இறக்கிவிட்டார்.

அங்கே எனக்கென்று இருந்த ஆள் ஸ்ரீராம். முப்பது வயதிருக்கும், உதவி இயக்குநர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். கம்பெனியில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்பதால் தமிழ் சம்பந்தப்பட்ட எல்லாம் அவன் தலையில். ஆனால் தமிழ் வாசிக்க வராது. நான் பேசவேண்டிய வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கொடுத்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தேன். ‘நாங்கள் விளைவிப்போம், ஆனால் குடித்தது இல்லை. இதுதான் என் முதல் காப்பி.’ பக்கத்தில், குரல் நடுங்கவும் என்று ஒரு குறிப்பு.

“இதைப் பேச மாட்டேன் தம்பி” என்றேன்.

“ஆன்ட்டி, எபிஸோடே இந்த லைன்லதான் நிக்கறது. சேனல்காரா இதைப் பாத்துட்டுத்தான் ஓகே பண்ணினா.”

“நான் சொன்னது வேற. விருந்தாளிக்கு முன்னாடி குடிக்க மாட்டோம்னு சொன்னேன். நீ அங்கதான இருந்த?”

“இருந்தேன். ஆனா நீங்க குடிக்க மாட்டோம்னு சொன்னது நிஜம்தானே? நான் அதைத்தான் டிரான்ஸ்லேட் பண்ணினேன்.” அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “நீங்க பேசலேன்னாலும் ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. சீரியலுக்கெல்லாம் குரல் குடுக்கற லேடி ஒருத்தர் பக்கத்து ரோட்லயே இருக்கா. நாளைக்குள்ள முடிக்கணும். அவாளைக் கூப்பிட்டுப் பேச வெச்சுடுவா. அக்ரிமெண்ட்ல நீங்க ஸைன் பண்ணியிருக்கேளே.”

என் வாய்க்கு இன்னொருத்தியின் குரலை வைத்து நான் காப்பி குடித்ததில்லை என்று சொல்ல வைப்பார்களாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “கூப்பிட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் அழுகை வந்தது. இதற்குப் புகை காரணமில்லை.

தலை வலித்தது. இந்த ஊரில் நல்ல காப்பி வேண்டுமென்றால் மாட்டுங்காவுக்குப் போ என்று ஜெபமணி சொல்லியிருந்தாள். ஆட்டோவை நிறுத்தி, “மாட்டுங்கா” என்றேன். டிரைவர், “சயன் தக்” என்றார். ‘தக்’ என்றால் ‘வரைக்கும்’ என்று அப்போது எனக்குத் தெரியாது. சரி, சயன் வழியாகப் போகிறார் போல என்று ஏறி உட்கார்ந்தேன். சயன் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி மீட்டரைக் காட்டினார். இறங்கு என்கிறார். திண்டுக்கல் ஆட்டோக்காரர்களைப் பார்த்த அனுபவத்தில், கூடக் கொடுத்தால்தான் போவேன் என்கிறார் என்று நினைத்துவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் சேர்ந்தது. கடைசியில் கீரைக்கட்டோடு வந்த ஒரு தமிழம்மா எட்டிப் பார்த்து, “யக்கா, இதுக்கு அந்தால ஆட்டோவே போவக்கூடாது. சட்டம். அந்தா நிக்கி பாருங்க டாக்சி, அதுல ஏறுங்க” என்றாள். ஒரே ஊருக்குள் ஆட்டோவுக்கு ஓர் எல்லைக்கோடு! எங்கள் மலைக்கு யானைகூட வந்து போகிறது, யாரும் தடுப்பதில்லை. டிரைவரிடம் நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன்.

மாட்டுங்கா மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோது யாரோ என்னைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக ஒரு நிமிஷம் நினைத்தேன். மல்லிகைச் சரம், வாழையிலை, முருங்கைக்காய், அப்பளக்கட்டு. காப்பிக்கொட்டை வறுபடுகிற வாசனை மூக்கில் ஏறியதும் பாதித் தலைவலி போய்விட்டது. அந்த நேரம் ஸ்ரீராம் போன் செய்தான்.

“எங்க இருக்கேள் ஆன்ட்டி? நீங்க இப்படிப் போயிட்டா என் வேலை போயிடும்.”

“மாட்டுங்காவில.”

“மாட்டுங்காவா? எங்காத்துக்கிட்டதான் இருக்கேள்! அம்மா இருக்கா, மேல போய் உக்காருங்கோ. நான் இதோ வரேன்.”

வழியும் சொன்னான். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். கால் வலித்தது, போனேன். ஸ்ரீராமின் அம்மா வைர மூக்குத்தியும் வாய் நிறையப் பேச்சுமாக இருந்தாள். யார், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவனும் வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தான். மாமி உள்ளே போய் இரண்டு டபராவில் நுரை பொங்கக் காப்பி கொண்டுவந்து எனக்கொன்றும் அவனுக்கொன்றுமாக வைத்தாள்.

“உங்களுக்கு?” என்றேன்.

“எனக்கு வேண்டாம், நான் குடிக்கறதில்லே. நீங்க சாப்பிடுங்கோ, ஆறிடப் போறது.”

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். மேடையில் ஈரம் காயாத டம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது. எனக்குள் ஏதோ துள்ளியது. காப்பியைத் தொடாமல் ஸ்ரீராமைப் பார்த்தேன்.

“தம்பி, போனை எடு. கேமராவைப் போடு.”

“எதுக்கு ஆன்ட்டி?”

“உங்கம்மா பிறந்ததிலேருந்து காப்பியே குடிச்சதில்லையாம். மாட்டுங்காவில இப்படி ஒரு பாவப்பட்ட ஜீவன். நான் இந்த டம்ளரை அவங்ககிட்ட நீட்டுறேன், முதல் காப்பி. நீ படம் எடு. கண்ணீர் வரணும்னா ஒரு வெங்காயம் கொண்டா.”

மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. “யாரு குடிச்சதில்லே? கார்த்தாலேர்ந்து மூணு ஆயாச்சு! ஆத்துக்கு வந்தவா குடிக்கறதுக்கு முன்னாடி நான் எப்படிக் குடிப்பேன்? அதுக்குச் சொல்றதுதானே!”

ஸ்ரீராம் டபராவைக் கீழே வைத்தான். காது வரைக்கும் சிவந்துபோய்விட்டது. “இதையா சொன்னேள் நீங்க?” என்றான். “அம்மா இதைத் தினம் சொல்றா. நான் காதுலயே வாங்கினதில்லே.”

என்ன விஷயம் என்று மாமி கேட்டாள். அவன் சொன்னான். சுப்பையா அண்ணன் கதையை நான் சொன்னேன். மாமி எழுந்து நின்றுவிட்டாள். “ஏண்டா, பிழைப்பு நடத்தறவாளைப் போய் ருசியே தெரியாதவான்னு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கியே! நன்னா இருக்குடா உன் சினிமா!” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க முதல்ல காப்பியைக் குடிங்கோ” என்றாள். குடித்தேன். தாராளமாகச் சிக்கரி கலந்திருந்தது. வேறு சமயமாக இருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு அதைவிட நல்ல காப்பி எனக்கு யாரும் கொடுத்ததில்லை என்று சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள்

மறுபடி செம்பூர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்ரீராம், ஒலிப்பதிவுக்காரர், இன்றைக்கென்று வந்திருந்த தாடிக்காரர். மலையில் காடாக இருந்த தாடி இங்கே அழகாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது.

ஸ்ரீராம் என் காதோரம் வந்து, “கீழே ஓடற இங்கிலீஷை நான் தொட முடியாது ஆன்ட்டி. அது லாக் ஆயிடுத்து. ஆனா நீங்க என்ன பேசறேள்னு இங்க யாருக்கும் தெரியாது. புகையில உதடும் தெரியலே” என்றான். கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “உங்களுக்கு என்ன தோண்றதோ அதைப் பேசுங்கோ.” வேலை போனாலும் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

திரையில் நான், கண்ணாடி இல்லாமல், புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு. விளக்கு எரிந்தது. பேசினேன்.

“விருந்தாளி, நீங்க முதல்ல குடிங்க. நீங்க குடிக்காம நாங்க குடிக்க மாட்டோம். நான் காலையிலேருந்து மூணு டம்ளர் குடிச்சாச்சு. என் நாக்குல பட்டுச் சரின்னு சொன்னாத்தான் தூள் பாக்கெட்டுக்கே போகும்.”

குரல் நடுங்கவும் என்று கேட்டிருந்தார்கள் அல்லவா? நடிக்க வேண்டியிருக்கவில்லை, தானாகவே நடுங்கியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தாடிக்காரர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஓடிவந்து இந்தியில் ஏதோ சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் உண்மையான குரலைக் கேட்டதில்லைங்கறார்” என்று ஸ்ரீராம் மொழிபெயர்த்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

தாடிக்காரர் அதோடு விடவில்லை. தன் குடுவையை எடுத்து ஒரு கோப்பை வடித்து, போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, உலகத்துக்கு அறிவித்தார். இந்த அம்மாவின் வாழ்க்கையில் இது இரண்டாவது காப்பி என்று. இந்த முறை நான் விருந்தாளி. தயங்காமல் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “கழுவின தண்ணி மாதிரி இருக்கு” என்றேன். அமிர்தம் என்கிறார் என்று ஸ்ரீராம் அவரிடம் மொழிபெயர்த்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெபமணி ரயிலடிக்கு வந்தாள். மீதித் தூளை அவளிடமே கொடுத்துவிட்டேன். “யாரு குடிக்க?” என்றாள். அடுத்த தடவை அந்த வெளிநாட்டுக்காரி வந்து அழுதால் கொடு என்றேன்.

தொடர் வந்தது. திண்டுக்கல்லில் சுப்பையா அண்ணன் ஹோட்டல் டிவியில் சத்தமாக வைத்துப் பார்த்திருக்கிறார். “ஏம்மா, நீ மூணு டம்ளர்ங்கிற. கீழ எழுத்துல ஒண்ணுகூட இல்லைன்னு எம் மருமக படிக்கிறா. எதத்தான் நம்புறது?” என்றார். “நான் பேசறத நம்புங்கண்ணே” என்றேன். சிரித்துவிட்டு, வழக்கம்போல் அனுப்பச் சொன்னார். மிஷினில் அன்றைக்கே கொட்டையைப் போட்டேன். ஸ்ரீராமும் போன் செய்தான். யாரும் கண்டுபிடிக்கவில்லையாம், அவனுக்குப் பதவி உயர்வு வேறு.

தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் காப்பி குடிக்கிறவள். மற்ற உலகத்துக்கு நான் ஆயுளில் இரண்டே இரண்டு காப்பி குடித்தவள். போனால் போகிறது என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பம்பாயிலிருந்தே வந்து, வத்தலக்குண்டு பஸ்ஸில் இறங்கி, நேராக வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். தொடரைப் பார்த்தவர்களாம். கையில் எனக்காக ஒரு பொட்டலம், உயர்ந்த ரகக் காப்பித்தூள். பாவம், இந்த அம்மா இன்னொரு தடவை ருசி பார்க்கட்டுமே என்று அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

உட்கார வைத்து, என் தூளில் காப்பி போட்டு மூன்று டம்ளர் கொண்டுவந்தேன். இரண்டை அவர்கள் முன்னால் வைத்தேன். அவர்கள் எடுக்கவில்லை. அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். அவள் சைகையால், நீங்க, நீங்க முதல்ல, என்றாள். ‘நீங்க குடிங்க, நாங்க…’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கடித்து உள்ளே தள்ளினேன். மூன்றாவது டம்ளரை எடுத்து, வந்த விருந்தாளிகள் வாய் நனைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். என் வீட்டில் விருந்தாளிக்கு முன்னால் நான் குடித்த முதல் காப்பி அதுதான், அவன் அதையும் படம் எடுத்துக்கொண்டான்.